கவ்வி

ஈர்ப்பலைகளை உணர்வதற்காக விண்கலத்துக்குள் ஒரு தங்கக் கட்டி எதையும் தொடாமல் மிதந்துகொண்டிருந்தது. வெயில் கலத்தைத் தள்ளினால், சின்ன உந்திகள் எதிர்த்துத் தள்ளி, சுவர் கட்டியில் படாமல் பார்த்துக்கொள்ளும். அன்று ஓர் உந்தி மூடாமல் பீறிட்டது. சுவர் கட்டியை அறைந்தது, விடாமல் அறைந்தது.

தரையில், கட்டுப்பாட்டு அறையில் ஆணை விசைகளின்மேல் கை வைத்திருந்த எஸ்தர், "கலத்துல இருக்கிற கவ்வியால கட்டியைப் பிடிச்சு நிறுத்திடுறேன் சார்," என்றாள்.

"உந்தி தானா மூடிக்கும். கவ்வினா கீறல் விழுந்து என் இருபது வருஷம் போயிடும். கையை எடு," என்றார் திட்டத் தலைவர் நல்லபெருமாள்.

அவள் எடுக்கவில்லை. அவர் மேசைத் தொலைபேசியைத் தூக்கி அவள் விரல்களின்மேல் இறக்கினார். எலும்பு முறிந்தது எல்லாருக்கும் கேட்டது. அவள் இடது கையால் ஆணையை அனுப்பினாள்.

பதில் வரப் பத்து விநாடி ஆகும். அதுவரை அவள் கழுத்து அவர் கைக்குள் இருந்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. திரையில் கட்டி அசையாமல் நின்றது. அவர் பிடி தளரவில்லை.