மாடு இல்லாத மணி

டங்... டங்...

இருட்டியதும் மறுபடியும் அந்தச் சத்தம். வீட்டுக்குப் பின்னால், சரளைப் பாதையில். பசுவின் கழுத்து மணி.

தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது. ஒடில் அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குத்தான் பயம் அதிகம்.

மாட்டுப் பண்ணைகள் நிறைந்த அந்த ஜூரா மலையில் பசு மணி கேட்பது ஓர் அதிசயமா என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பக்கம் மேய்ந்த மாடுகளைப் பக்கத்து வீட்டு அன்செல்ம் கிழவர் வசந்தத்திலேயே விற்றுவிட்டார். இப்போது அந்தப் பாதையில் மாடு இல்லை. கார் வரவே கூடாது. சைக்கிள்காரர்கள் மட்டும்தான் போகிறார்கள்.

அப்படியானால் மணி யார் கழுத்தில்?

கணவனுக்குப் போன் போட்டாள். கடிகாரத் தொழிற்சாலையில் அவனுக்கு மாலை ஷிப்ட்.

"லோயிக், மறுபடியும் கேக்குது."

"மாடா இருக்கும்."

"மாடுதான் இல்லையே!"

"அப்ப மாட்டோட ஆவி. கறக்க ஆள் இல்லைன்னு தேடி வருதோ என்னவோ."

"உனக்கு எல்லாமே சிரிப்பு. இங்க நானும் பிள்ளையும் தனியா செத்துக்கிட்டிருக்கோம்."

மறுநாள் ரொட்டிக் கடையில் ஜிசேலிடம் சொன்னாள். ஊரில் ஜிசேலுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"இது கூடத் தெரியாதா உனக்கு? கிழவர்தான்! என் கண்ணால பார்த்தேனே. மரத்துக்கு மரம் ஒளிஞ்சு ஒளிஞ்சு நடக்கறாரு."

"எதுக்கு அக்கா?"

"மணி கேட்டா, மாடு குறுக்கே நிக்குதுன்னு சைக்கிள்காரன் பதறிப் போய் பிரேக் பிடிப்பான் இல்ல? அதுல ஒரு அல்ப சந்தோஷம். தன் மாடு நடந்த பாதையில வெளியூர்க்காரன் ஓட்டறானேன்னு வயித்தெரிச்சல். அந்த ஜெர்மேன் அம்மாவைக் கடைத்தெருவுல பார்த்தே எவ்வளவு நாளாச்சு! பெண்டாட்டியை என்ன பாடு படுத்தறாரோ, யாரு கண்டா?"

"நேராப் போய்க் கேட்டுடவா?"

"கேட்டுட்டு? அப்புறம் தினமும் அவர் மூஞ்சியில முழிக்கணுமே."

கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த ஒடிலுக்கு, ஒருவர் முகத்துக்கு நேரே குரலை உயர்த்த வராது. ஊர் வழக்கமும் அதற்குத் தோதாக இருந்தது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு யாரும் சண்டை போடமாட்டார்கள். சிரித்து வணக்கம் சொல்லிவிட்டு, ஊராட்சி அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

ஒடிலும் சொன்னாள்.

"ராத்திரி பத்துக்கு மேல அடிச்சாத்தான் சட்டப்படி தப்பு," என்றார் அலுவலர். "ஆனா கைக்குழந்தைன்னு சொல்றீங்க. பதமாச் சொல்லிப் பார்க்கறேன். உங்க பேர் வெளிய வராது."

அந்தப் பாதையோரம் கைக்குழந்தை இருப்பது ஒரே ஒரு வீட்டில்தான் என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மணி கேட்கவில்லை. அதற்கடுத்த நாளும் கேட்கவில்லை. குழந்தை அசையாமல் தூங்கியது. ஒடிலுக்குத்தான் மனசு ஏதோ குறுகுறுத்தது. சனிக்கிழமை பிளம் பழ டார்ட் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் கிழவர் வீட்டுக்குப் போனாள்.

கதவு திறந்திருந்தது. கிழவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, கதவின் உட்புறம் உச்சியில் புதுத் தாழ்ப்பாள் ஒன்றைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஐயா, இவ்வளவு உசரத்துல? திருடன் பயமா?"

"இங்க வர்ற திருடன் எங்க ரெண்டு பேரையும் பார்த்தா, பாவம்னு ஏதாவது வெச்சுட்டுப் போவான்." மெல்ல இறங்கினார். "குழந்தை இப்பத் தூங்குதா அம்மா?"

ஒடிலுக்கு முகம் செத்துப் போனது. புகார் சொன்னது யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"மன்னிச்சுக்கணும். பச்சைப் பிள்ளை பயந்துக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

அவருக்குப் பின்னால் ஜெர்மேன் வந்து நின்றாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் வாளி.

"நகருங்க. கறக்கற நேரமாச்சு. மாடெல்லாம் மேல காத்துக்கிட்டிருக்கும்."

"போலாம் ஜெர்மேன். மழை விடட்டும்."

வெளியே ஒரு பொட்டு மழை இல்லை.

கிழவர் குரலைத் தாழ்த்தினார். "மாட்டையெல்லாம் வித்தது அவ மனசுல நிக்கலை. இந்த நேரமானா கிளம்பிடுவா. தார் ரோட்டுல விட முடியுமா? கார் அடிச்சுப் போட்டுடும். இந்தப் பாதை ஒண்ணுதான் அவளுக்குன்னு இருந்துச்சு. ஆனா வளைவுல சைக்கிள் சர்ருன்னு வந்துடுது. இவளுக்கோ காது மந்தம். அதான் மணியை இவ இடுப்புல கட்டிவிட்டேன். நம்ம பக்கம் மணி கேட்டா எவனும் நிதானிப்பான் இல்லையா?"

"நீங்க... மரத்துக்குப் பின்னால..."

"பின்னாலயே போவேன். பார்த்துட்டா, தொழுவத்தை விட்டுட்டு ஊர் சுத்த வந்தீங்களான்னு திட்டுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, மணியைக் கட்டுங்க. நான் தெரியாம... ஊராட்சியில நானே சொல்லிடறேன். குழந்தை பழகிக்கும்."

"வேணாம்மா. பிள்ளை தூங்கட்டும்." டார்ட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "இருட்டப் போவுது. பார்த்துப் போ."

கதவு மூடிக்கொண்டது.

"ஏங்க, எதுக்குச் சாத்தறீங்க? நான் போகணும்! எல்லாம் காத்துக்கிட்டு நிக்கும்ங்க!"

வாளி தரையில் விழுந்து உருண்டது.

தட்டுவதற்கு ஒடில் கையை உயர்த்தினாள். அதற்குள் அவள் தலைக்கு மேலே, உட்புறம், புதுத் தாழ்ப்பாள் விழுந்தது.