மாடியறைப் பெண்

காஞ்சிபுரம் பஸ் நிலையத்தை ஒட்டிய லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெரியநாயகிக்கு, காலையிலிருந்தே மாடியறை அலமுவால் உயிர் போயிற்று. கல்யாணப் பட்டு எடுக்கப் பெரியப்பாவோடு வந்திருந்த பெண்.

"விரிப்புல கறை இருக்குது. மாத்துங்க."

மாற்றினாள்.

"இதுல மூட்டைப்பூச்சி."

மறுபடியும் மாற்றினாள். அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா கலியாணசுந்தரம் பல்லைக் கடித்தார்.

"தலையணையில எண்ணெய் நாத்தம். பெரியப்பா, இந்தம்மாகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல. மேனேஜரக் கூட்டிக்கினு வாங்க!"

இதே மாதிரி ஒரு புகாரில்தான் போன மாதம் ஒருத்தியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். "வேணாம் சார், வேற உறை கொண்டாறேன்" என்று பெரியநாயகி கெஞ்சியும் கேட்காமல் அவர் தடதடவென்று படியிறங்கிப் போனார்.

அலமு சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கங்கக்கா. ரூம்ல ஒரு குறையும் இல்ல. அவரு வாசல விட்டு நகரவே மாட்டேன்றாரு, அதான். அம்பது வயசுக்காரனுக்கு என்னை ரெண்டாந்தாரமாக் கட்டிவைக்கப் போறாங்க. மெட்ராஸ்ல எங்க டீச்சரம்மாகிட்ட போயிட்டா பொழைச்சிக்குவேன். பின்னால படி இருக்குதா?"

கலியாணசுந்தரம் மேனேஜரோடு திரும்பியபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் கொட்டும் சத்தம் கேட்டது.

"பொண்ணு எங்கம்மா?"

பெரியநாயகி தரையைத் துடைத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"தலைக்கு ஊத்திக்கினு இருக்குது சார். உக்காருங்க, நேரமாவும்."