ஏற்கப்படாத காரணம்

சனாதிபதித் தேர்தலில் வாக்களிப்பவர் காரணமும் கூறவேண்டும். இயந்திரம் அதை ஏற்றால்தான் வாக்குச் செல்லும். தாழங்கேணி நிலையத்தில் படகோட்டி பேதுருப்பிள்ளையின் வாக்கை அது தள்ளிவிட்டது.

"என்ன ஐயா காரணம் சொன்னனீங்கள்?" என்று வினவினாள் அதிகாரி அனுசியா.

"தேர்தலிலை நிக்கிற அந்த அம்மா, கூட்டத்திலை எங்கட ஊர்ப் பேரைப் பிழையில்லாமல் சொன்னவ. மற்ற வேட்பாளர் 'தலங்கேணி' எண்டார்."

"இதெல்லாம் ஒரு காரணமோ?"

"பேரே வாயிலை வராத ஆள், எங்கட தண்ணி வராத குழாயைத் திருத்தத் தேடி வருவாரோ, பிள்ளை?"

சிரித்த அனுசியா, அக்கேள்வியை எழுத்துப் பிசகாமல் முறையீடாகப் பதிந்தாள். இயந்திரம் நெடுநேரம் தயங்கிப் பின் ஏற்றது. அத்துடன், நாடெங்கும் இதேபோல் தத்தம் ஊர்ப் பெயருக்காக வாக்களித்துத் தள்ளப்பட்டிருந்த நாற்பதாயிரம் பேரின் வாக்குகளும் ஏற்கப்பட்டுத் திரையில் ஒவ்வொன்றாகப் பச்சையாயின.

"அட, நான் தனிய இல்லை!" என்றார் பேதுருப்பிள்ளை.