அப்பாவின் வாட்ச் அதிர்ந்தது

கல்லூரியில் இரண்டு முறை மயங்கி விழுந்தும், அப்பா கட்டியிருப்பது போல, இதயம் படபடத்தால் அதிர்ந்து எச்சரிக்கும் ஸ்மார்ட்வாட்ச்சைக் கட்ட யானெலிஸ் மறுத்தாள்.

“அது உங்கள மாதிரி கிழங்களுக்குப்பா! எங்க செட்டுல யாரும் கட்டறதில்ல. டோமினோவுல ஜெயிங்க, கட்டிக்கறேன்.”

சாந்தோ தொமிங்கோ வீட்டு முற்றத்தில் ஆட்டம் சூடேறியது. அம்மா இருவருக்கும் காபி வைத்துவிட்டு நகர்ந்தாள்.

கட்டை வரிசையின் ஒரு முனையில் ஐந்து, மறுமுனையில் ஆறு; பொருந்தும் எண்ணுள்ள கட்டையைத்தான் வைக்க முடியும். அப்பாவிடம் மிஞ்சியது ஒரே கட்டை. அது பொருந்தும் முனையை அடைத்தால் வெற்றி அவளுக்கு.

யானெலிஸின் விரல் ஆறைத் தொட்டது. அப்பாவின் வாட்ச் அதிர்ந்தது.

“மாட்டினீங்களா! உங்க இதயமே காட்டிக் கொடுத்துடுச்சு!” ஆறை அடைத்தாள்.

அப்பா நிதானமாக ஐந்தை வைத்து முடித்தார்.

“அப்ப ஏன் அது அதிர்ந்துச்சு?”

வாட்ச்சைத் திருப்பிக் காட்டினார்: அம்மாவின் அழைப்பு. சமையலறை வாசலில் போனும் கையுமாக அம்மா.

“காபி வைக்கறப்ப அப்பா கட்டைய எட்டிப் பாத்தியாம்மா? போங்காட்டம்!” என்று கத்திக்கொண்டே வாட்ச் கட்டக் கையை நீட்டினாள் யானெலிஸ்.