மடியில் அசல்

லத்தா தெருப் பட்டறையின் தகரக் கூரையை மழை தட்டிக்கொண்டே இருக்கிறது. பாக்கியசாமியின் காலும் சும்மா இருக்கவில்லை. பாகம் எதையும் மாற்றாமல் பந்தய வேகத்துக்காக உள்ளே குடைந்து தீட்டிய அவருடைய பழைய காரின் எட்டு சிலிண்டர் இஞ்சின் திறந்து கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு கார்புரேட்டர்கள்: ஒன்று வண்டியோடு பிறந்த அசல், இன்னொன்று பாங்காக்கிலிருந்து வந்த பளபள நகல். ஒரு திருகாணிகூட மாற்றாத வண்டி, இதன் உறுமலுக்குப் பயந்து ஊரோரத்து லைங் ஆறே அரைநாள் பின்னோக்கி ஓடியது என்று முப்பது வருஷமாகச் சொல்லிவரும் வாய், இப்போது சுருட்டுப் புகையை அசலுக்குள் ஊதுகிறது. விரிசல் வழியே புகை நூலாகக் கசிகிறது. நகலில் ஊதுகிறார், ஓர் இழைகூட வெளியே வரவில்லை. “அண்ணே, நாலு மணிக்கு நிக்காஹ். ஜஸீலா இந்த வண்டியிலதான் போவேன்னு நிக்கிறா. வண்டி வருமா, உங்க கதை மட்டுந்தான் வருமா?” வாசலில் மணப்பெண்ணின் வாப்பா காஜா மைதீன், புது லுங்கியில் சேறு படாமல் தூக்கிப் பிடித்தபடி. கடிகாரத்தில் மூன்றேகால். மறுபடி அசலில் ஊதுகிறார். புகைக்கு இரக்கமே இல்லை. நகலைப் பூட்டி முடுக்கியதும் இஞ்சின் ஒரே உதறலில் பிடித்துக்கொள்கிறது. “அப்ப அசல் வண்டின்னு சொன்னதெல்லாம்?” “அசல் வண்டியிலதானப்பா இருக்கு!” அழுக்குக் கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார் பாக்கியசாமி.