இலக்குப் பலகையின் சாட்சி

ஒரு காவல் நிலையத்தின் இரும்பு அலமாரியில் பழைய ரிவால்வர் ஒன்றும் புதிதாக வந்த பிஸ்டல் ஒன்றும் இருந்தன. அந்த வருடச் சுடுபயிற்சியில் தோற்பதை உருக்க அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது.

"உங்ககிட்ட ஆறே குண்டு. உங்க காலம் முடிஞ்சது, பெரியவரே," என்றது பிஸ்டல். "எனக்குள்ள பதினேழு."

"ஒண்ணு வெடிக்கலைன்னா நீ அப்படியே நின்னுடுவ, தம்பி. எனக்கு விசையை இன்னொரு தடவை இழுத்தாப் போதும், அடுத்த குண்டு தானா வந்து நிக்கும்."

பயிற்சி நாளில் இன்ஸ்பெக்டர் தளவாய் இரண்டாலும் சுட்டார். பிஸ்டலில் ஒரு குண்டு வெடிக்கவில்லை. அதை வெளியே தள்ளிவிட்டுத்தான் அவரால் தொடர முடிந்தது. ரிவால்வரிலும் ஒன்று வெடிக்கவில்லை. விசையை மறுபடி இழுத்தார், அடுத்தது வெடித்தது.

"பாத்தியா?" என்றது ரிவால்வர்.

"இருந்தாலும் அதிகம் சுட்டது நான்தான்," என்றது பிஸ்டல்.

எதிரே நின்ற இலக்குப் பலகையிடம் இரண்டும் நியாயம் கேட்டன.

"என் மேல ஒரு கீறல்கூட இல்லை," என்றது பலகை. "விசையை இழுக்கும்போதெல்லாம் அவர் கண்ணை இறுக்கி மூடிக்கிறார். உங்க குண்டெல்லாம் பின்னால மண்மேட்டுல கிடக்கு."

இன்ஸ்பெக்டர் பலகையைப் பார்த்தார். பிறகு துப்பாக்கிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுமே சரியில்லை. ரெண்டையும் உருக்க அனுப்பிடுங்க."

வண்டி இரண்டையும் ஏற்றிக்கொண்டு உருக்காலைக்குக் கிளம்பியது. உலையின் புகை தெரிந்ததும் ரிவால்வர் தொண்டையைச் செருமியது.

"எது எப்படியோ, சத்தம் என்னுதுதான் பெருசு."