குனிந்து கடக்கும் இடம்

பன்னிரண்டு மணிக்குள் பள்ளிக்கூட மாடிப்படியின் வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். கட்டட வரைபடம் போடுகிறவள் சாப்பாட்டு மேசையில் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதன் வழியே அறையும் தெரிகிறது, அந்தரத்தில் அவளுக்கு மட்டுமான திரையும் தெரிகிறது. விரல்கள் காற்றைக் கிள்ளிக் கிள்ளிப் படிகளை நகர்த்துகின்றன. போன வாரம் கணவர் அந்தத் திரைக்குள் புகுந்து நடந்ததில் அவள் கை பதறி, பதினெட்டுப் படிகளும் கோணிப்போயின. அன்றிலிருந்து அவர் சமையலறை வாசலில் திரை நிற்கும் இடத்தை நினைவில் வைத்து, குனிந்துதான் கடக்கிறார். இன்று வெயிலில் கண் கூசியதால் அவள் திரையைச் சுவரோரம் தள்ளிவிட்டாள், சொல்ல மறந்துவிட்டாள். தேநீர் தளும்பாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் அவர் முதுகை வளைத்து வருகிறார். "தாண்டிட்டேனா?" "தாண்டிட்டீங்க." "படிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே?" "ஒண்ணும் ஆகலைங்க. இதோ, அனுப்பியாச்சு." அவர் நிமிர்ந்து கோப்பையை ஓசையில்லாமல் வைக்கிறார். "பாத்தியா, நான் குனிஞ்சாத்தான் உன் வேலை நிமிருது." அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் திரையைப் பிடித்து, அவர் குனிந்த இடத்துக்கே இழுத்து வைக்கிறாள். வெயிலில் கண் கூசத்தான் செய்கிறது.